எந்தக் கொன்பரன்ஸ் வலியது? அமெரிக்கக் கல்லூரி ஃபுட்போல் தரப்படுத்தல்கள் பற்றிய ஒரு மதிப்பீடு

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்போலில் எந்தக் கொன்பரன்ஸ் வலியது என்ற கேள்விக்கு விடை தருவதாகச் சொல்லும் தரப்படுத்தல் சேவைகள் இணையத்தில் நிறையவே உள்ளன. கொன்பரன்ஸ் என்பது பெரும்பாலான போட்டிகளைத் தமக்குள்ளேயே ஆடும் பல்கலைக்கழக அணிகளின் கூட்டு. அந்தச் சேவைகளுள் அசோசியேட்டட் பிரஸ் (ஏ.பி.) செய்தி நிறுவனத்தின் வாக்கெடுப்பு, சம்பியனைத் தீர்மானிக்கும் பிளே ஓஃப் சுற்றுக்கான தெரிவுக்குழுவின் பட்டியல், ஈ.எஸ்.பி.என். விளையாட்டுத் தொலைக்காட்சி நிறுவனத்தின் எஃப்.பி.ஐ., பில் கொனலியின் எஸ்.பி. பிளஸ், வெஸ்லி கொலியின் கொலி மேட்ரிக்ஸ் ஆகிய ஐந்தையும் 2024 பருவத்தின் பெறுபேறுகளோடு ஒப்பிட்டு இங்கே மதிப்பிடுகிறேன். எந்த அணி வெல்லும் என்று ஊகிப்பதற்கு இவற்றில் எது உதவும் என்பதைவிட, ஒரு கொன்பரன்ஸின் வலிமையை நேர்மையாக அளப்பதற்கு எது உதவும் என்பதே என் அக்கறை.

நம் உதைபந்தாட்டத்திலிருந்து வேறான இந்த விளையாட்டை நாம் ஆடுவதில்லை என்றாலும், ஒஹாயோவிலும் ஜோர்ஜியாவிலும் பிள்ளைகளையோ மருமக்களையோ வைத்திருக்கும் குடும்பங்கள் திருகோணமலையில் இருக்கின்றன. அவர்களோடு தொலைபேசியில் பேசத் தொடங்கினால் இலையுதிர் காலத்தில் பேச்சு ஃபுட்போலில்தான் வந்து நிற்கும். கொலம்பஸ் நகரில் படிக்கும் என் மருமகன், "எஸ்.ஈ.சி. எண்டுறது பழைய பேர் மாமா, இப்ப ஆக்களும் எங்கட பக்கம், கப்பும் எங்கட பக்கம்" என்று அடித்துச் சொல்வான். எஸ்.ஈ.சி. என்பது அலபாமா, ஜோர்ஜியா முதலிய தென்பகுதி அணிகளின் கொன்பரன்ஸ். அவன் "எங்கட பக்கம்" என்பது ஒஹாயோ ஸ்டேட் ஆடும் பிக் டென் கொன்பரன்ஸை. அட்லாண்டாவில் உறவினர் உள்ள உவர்மலை நண்பர் ஒருவரோ, எஸ்.ஈ.சி.யின் பத்தாவது அணியே மற்றக் கொன்பரன்ஸ்களில் மூன்றாவதாக வரும் என்பார்.

நம் ஊரிலிருந்து இதைப் பின்தொடர்வதில் நேரமும் காலநிலையும் ஒரு தடைதான். அமெரிக்கக் கிழக்குக் கரை நேரப்படி சனிக்கிழமை நண்பகலிலும் பிற்பகல் 3.30இற்கும் இரவு 7.30இற்கும் தொடங்கும் போட்டிகள் நமக்குச் சனி இரவு 9.30இற்கும், ஞாயிறு அதிகாலை 1.00 மணிக்கும் 5.00 மணிக்கும் தொடங்குகின்றன. நவம்பர் மாத முதல் ஞாயிறன்று அமெரிக்காவில் மணிக்கூட்டைப் பின்னுக்குத் திருப்பிய பின் அவை இன்னும் ஒரு மணித்தியாலம் பிந்துகின்றன. பருவத்தின் முடிவைத் தீர்மானிக்கும் நவம்பர், டிசம்பர் மாதங்கள் நமக்கு வடகீழ்ப் பருவமழைக் காலம் என்பதால், மின்சாரமும் இணைப்பும் நின்று வரும் இரவுகளில் நேரலையை நம்பியிருக்க முடியாது. ஆகவே திங்கட்கிழமை காலையில் தொலைபேசியில் விரைவாகத் திறக்கும் ஒரு தரப்படுத்தல் பக்கம், கண்ணால் பார்த்த ஆட்டங்களைவிட நமக்கு அதிகம் பயன்படுகிறது. அதனாலேயே அந்தப் பக்கம் எப்படிக் கணக்கிடுகிறது என்பதை அறிந்து வைத்திருப்பது அவசியமாகிறது.

முதலில் களத்தின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். 2024இல் உயர்நிலைப் பிரிவில் 134 பல்கலைக்கழக அணிகள் ஆடின. டெக்சஸும் ஒக்லஹோமாவும் சேர்ந்ததால் எஸ்.ஈ.சி. 16 அணிகளாகவும், ஒரிகன், வொஷிங்டன், யூ.எஸ்.சி., யூ.சி.எல்.ஏ. ஆகியவை சேர்ந்ததால் பிக் டென் 18 அணிகளாகவும் பெருகின. மற்ற இரண்டு பெரிய கொன்பரன்ஸ்களான ஏ.சி.சி.யில் 17 அணிகள், பிக் டுவெல்வில் 16. மேற்குக் கரையின் பழைய பெருமையான பக் டுவெல்வ் இரண்டே அணிகளுடன் எஞ்சியது. ஒவ்வோர் அணிக்கும் வழக்கமான பருவத்தில் 12 போட்டிகள், அவற்றில் எஸ்.ஈ.சி. அணிகள் 8 போட்டிகளையும் பிக் டென் அணிகள் 9 போட்டிகளையும் தத்தம் கொன்பரன்ஸுக்குள்ளேயே ஆடின.

வலிமையை அளப்பதில் உள்ள சிக்கல் முழுவதும் இந்தக் கடைசி எண்களில்தான் அடங்கியிருக்கிறது. கொன்பரன்ஸுக்குள் நடக்கும் போட்டியில் ஓர் அணியின் வெற்றி இன்னோர் அணியின் தோல்வியாகும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் பாதி வெற்றி, பாதி தோல்வி என்றே வரும். ஆகவே உட்போட்டிகள் யார் முதலாவது, யார் கடைசி என்பதைச் சொல்லுமேயன்றி, அந்தக் கூட்டம் முழுவதும் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைச் சொல்லமாட்டா. அதைச் சொல்லக்கூடியவை வெளிப்போட்டிகள் மட்டுமே. 16 அணிகள் தலா நான்கு ஆடினால் எஸ்.ஈ.சி.க்கு 64 வெளிப்போட்டிகள். 18 அணிகள் தலா மூன்று ஆடினால் பிக் டென்னுக்கு 54. அவற்றிலும் பெரும்பகுதி சிறிய கொன்பரன்ஸ்களின் அணிகளையோ கீழ்ப்பிரிவு அணிகளையோ தம் சொந்த மைதானத்துக்கு அழைத்து ஆடுபவை. இரண்டு பெரிய கொன்பரன்ஸ்களின் அணிகள் நேருக்கு நேர் மோதுவது விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் நடக்கிறது. யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை லீக்குகளின் உதைபந்தாட்டக் கழகங்களை ஒப்பிட முயன்றவர்களுக்கு இது புதிதல்ல. ஏகாம்பரம் மைதானத்தில் யார் யாரை வென்றார்கள் என்ற அட்டவணையை எத்தனை முறை புரட்டினாலும், நமது மூன்றாவது கழகம் மன்னாரின் மூன்றாவது கழகத்தை வெல்லுமா என்பது அதில் இராது.

எஸ்.ஈ.சி.யின் ஒக்லஹோமா 2024இல் அலபாமாவை 24–3 என்று வீழ்த்தியபோது, அந்தக் கொன்பரன்ஸின் ஆதரவாளர்கள் அதை ஆழத்துக்குச் சான்று என்றார்கள். பிக் டென் பக்கத்தார் அலபாமா வீங்கிய பெயர் என்பதற்குச் சான்று என்றார்கள். உட்போட்டி ஒன்றை வைத்து இந்த இரண்டில் எது சரியென்று தீர்ப்பதற்கு எந்த வழியும் இல்லை. தரப்படுத்தல் சேவை ஒன்று இந்த இடத்தில் என்ன செய்கிறது என்பதே அதன் தரத்துக்கான சோதனை என்று கருதுகிறேன்.

இந்தச் சோதனையில் ஏ.பி. வாக்கெடுப்பு முதலிலேயே தவறிவிடுகிறது. 1936 முதல் நடந்துவரும் இந்த வாக்கெடுப்பில் விளையாட்டுச் செய்தியாளர்கள் வாரந்தோறும் 25 அணிகளை வரிசைப்படுத்துகிறார்கள். 134 அணிகளில் 25 மட்டுமே கண்ணுக்குத் தெரிகின்ற பட்டியலைக் கொண்டு ஒரு கொன்பரன்ஸின் நடுப்பகுதியை அறிய முடியாது. அதைவிடப் பெரிய குறை, பருவம் தொடங்குமுன்னரே வெளியாகும் பட்டியல் பின்வரும் வாரங்களையும் பிடித்து வைத்திருப்பது. 2024இன் தொடக்கப் பட்டியலில் ஃபுளோரிடா ஸ்டேட் பத்தாம் இடத்தில் இருந்தது. அந்த அணி 2 வெற்றி, 10 தோல்வியுடன் பருவத்தை முடித்தது. இந்தியானா அந்தப் பட்டியலில் இடமே பெறவில்லை. வழக்கமான பருவத்தில் 11 வெற்றிகளைப் பெற்றது. முன்கூட்டியே மதிப்புப் பெற்ற கொன்பரன்ஸின் அணிகள் ஒன்றையொன்று வெல்லும்போது "தரப்படுத்தப்பட்ட அணியை வென்றது" என்ற பெயரும் உள்ளுக்குள்ளேயே சுற்றிவருகிறது. வரலாற்றுப் பதிவேடு என்ற வகையில் இதற்கு மரியாதை உண்டு. அளவுகோலாக இதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

பிளே ஓஃப் தெரிவுக்குழுவின் பட்டியல் அதிகாரம் உடையது. 13 பேர் கூடி முடிவெடுக்கும் அந்தப் பட்டியலே யார் கிண்ணத்துக்கு ஆடுவார் என்பதைத் தீர்மானிக்கிறது. 2024இல் முதன்முறையாக 12 அணிகள் தெரிவாகின: பிக் டென்னிலிருந்து நான்கு, எஸ்.ஈ.சி.யிலிருந்து மூன்று, ஏ.சி.சி.யிலிருந்து இரண்டு, பிக் டுவெல்வ், மவுண்டன் வெஸ்ட் ஆகியவற்றிலிருந்து ஒவ்வொன்று, எந்தக் கொன்பரன்ஸையும் சேராத நோட்டர் டேம். கடைசி இடங்களுள் ஒன்றுக்கு, 11 வெற்றி 2 தோல்வி பெற்ற ஏ.சி.சி.யின் எஸ்.எம்.யூ.வா, 9 வெற்றி 3 தோல்வி பெற்ற எஸ்.ஈ.சி.யின் அலபாமாவா என்ற விவாதம் எழுந்தது, குழு எஸ்.எம்.யூ.வைத் தெரிவுசெய்தது. அந்த முடிவைக் குறைகூற எனக்கு விருப்பமில்லை. ஆனால் குழு எந்தக் காரணிக்கு எவ்வளவு எடை கொடுத்தது என்பதை ஒரு வாசகர் தானே சரிபார்க்க முடியாது. தலைவர் தொலைக்காட்சியில் கூறும் விளக்கத்தை ஏற்றுக்கொள்வது அல்லது விடுவது என்ற இரண்டு வழிகள்தான் நமக்கு உண்டு.

அதே கேள்வியைக் கொலி மேட்ரிக்ஸிடம் கொண்டுபோனால் விடயம் துலங்குகிறது. வானியற்பியலாளரான வெஸ்லி கொலி அமைத்த இந்தக் கணக்கு, பிளே ஓஃப்புக்கு முன், இறுதிப் போட்டிக்குரிய இரண்டு அணிகளைத் தெரிவுசெய்ய 2013 வரை நடைமுறையில் இருந்த பி.சி.எஸ். முறையில் சேர்க்கப்பட்ட கணினிக் கணிப்புகளுள் ஒன்று. இதில் முன்மதிப்பு எதுவும் இல்லை. பெயர், புகழ், கடந்த ஆண்டு, புள்ளி வித்தியாசம் எதுவும் இல்லை. எல்லா அணிகளும் 0.5 என்ற நிலையிலிருந்து தொடங்குகின்றன. வெற்றிகளுடன் ஒன்றைக் கூட்டி, அதைப் போட்டிகளுடன் இரண்டைக் கூட்டிய எண்ணால் வகுப்பது முதற்படி. அலபாமாவுக்கு 10ஐ 14ஆல் வகுக்க 0.714, எஸ்.எம்.யூ.வுக்கு 12ஐ 15ஆல் வகுக்க 0.8. இரண்டாவது படியில் எதிரணிகளின் தரம் சேர்கிறது: ஒவ்வோர் எதிரணியும் 0.5இலிருந்து எவ்வளவு உயர்ந்து நிற்கிறதோ அவ்வளவும் மேலெண்ணுடன் கூட்டப்படும், தாழ்ந்து நின்றால் கழிக்கப்படும். விளக்கத்துக்காக எஸ்.எம்.யூ.வின் எதிரணிகள் சராசரியாக 0.5 என்றும் அலபாமாவின் எதிரணிகள் சராசரியாக 0.6 என்றும் வைத்துக்கொண்டால், அலபாமாவின் மேலெண் 12 தடவை 0.1, அதாவது 1.2 கூடி 11.2 ஆகும், அதை 14ஆல் வகுத்தால் அதுவும் சரியாக 0.8.

இந்தச் சிறு கணக்கை ஒரு காகிதத்தில் போட்டுப் பார்க்குமாறு, கொன்பரன்ஸ் பற்றி வாதாடும் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்வேன். இரண்டு தோல்விகளோடு நிற்கும் அணிக்கும் மூன்று தோல்விகளோடு நிற்கும் அணிக்கும் இடையிலான வழக்கு முழுவதும், எதிரணிகளின் சராசரியில் 0.1 வித்தியாசம் உண்டா இல்லையா என்ற ஒரே கேள்வியாகச் சுருங்கிவிடுகிறது. அந்தச் சராசரியோ பெரும்பாலும் கொன்பரன்ஸ் தோழர்களின் சராசரி. அது உயர்வதும் தாழ்வதும் செப்டெம்பர் மாதத்து வெளிப்போட்டிகளில்தான். செப்டெம்பர் 14ஆம் திகதி எஸ்.ஈ.சி.யின் வன்டர்பில்ட், சன் பெல்ட் கொன்பரன்ஸின் ஜோர்ஜியா ஸ்டேட்டிடம் 36–32 என்று தோற்றது. ஒக்டோபர் 5ஆம் திகதி அதே வன்டர்பில்ட் அலபாமாவை 40–35 என்று வென்றது. அதற்கு ஒரு வாரம் முன்னர்தான் அலபாமா, பின்னர் எஸ்.ஈ.சி. சம்பியனான ஜோர்ஜியாவை 41–34 என்று வென்றிருந்தது. ஜோர்ஜியா ஸ்டேட் அந்தப் பருவத்தை 3 வெற்றி, 9 தோல்வியுடன் முடித்தது. சங்கிலியை நேராக இழுத்தால் சன் பெல்ட்டின் கடைநிலை அணி எஸ்.ஈ.சி. சம்பியனைவிட மேலானது என்றாகிவிடும். எல்லாப் போட்டிகளையும் ஒரே நேரத்தில் சமன்பாடுகளாகத் தீர்க்கும் கொலி மேட்ரிக்ஸ் அந்தத் தோல்வியை உரிய அளவுக்கு மட்டும் எஸ்.ஈ.சி.யின் கணக்கில் ஏற்றிவைக்கிறது.

இதன் நேர்மைக்கு நான் மதிக்கும் சான்று 2017ஆம் ஆண்டுப் பருவம். அமெரிக்கன் அத்லெட்டிக் என்ற சிறிய கொன்பரன்ஸைச் சேர்ந்த சென்ட்ரல் ஃபுளோரிடா அதுவரை ஆடிய 12 போட்டிகளிலும் வென்றும் நான்கு அணிப் பிளே ஓஃப்புக்கு அழைக்கப்படவில்லை. பிளே ஓஃப்பின் இறுதிப் போட்டியில் மோதிய அலபாமா, ஜோர்ஜியா இரண்டையும் வழக்கமான பருவத்தில் வென்றிருந்த ஓபர்ன் அணியை, பருவ முடிவில் அழைக்கப்பட்ட அணிகள் மோதும் "போல்" போட்டிகளுள் ஒன்றான பீச் போலில் சென்ட்ரல் ஃபுளோரிடா 34–27 என்று வென்றது. கொலி மேட்ரிக்ஸ் அந்த ஆண்டு சென்ட்ரல் ஃபுளோரிடாவையே முதலிடத்தில் வைத்தது. பலர் அதைக் கணக்கின் பிழை என்றார்கள். பெயரைப் பார்க்காத கணக்கு ஒன்று, கண்ணுக்கு முன்னால் இருக்கும் முடிவுகளை மட்டும் எண்ணினால் அப்படித்தான் வரும் என்பதே என் கருத்து. மேலும், இதன் பக்கம் படங்களோ காணொளிகளோ இல்லாத எளிய எழுத்துப் பக்கம் என்பதால், மழை இரவில் இணைப்பு மெலிந்திருக்கும்போதும் திறந்துவிடுகிறது.

குறையும் சிறிதல்ல. புள்ளி வித்தியாசத்தைப் பார்க்காததால், ஒஹாயோ ஸ்டேட் டென்னசியை 42–17 என்று நசுக்கியதும், நோர்தேர்ன் இலினோய் நோட்டர் டேமை 16–14 என்று மயிரிழையில் வென்றதும் அதற்கு ஒரே வகை வெற்றிகள். பருவத்தின் முதல் ஐந்தாறு வாரங்களில் போட்டிகள் போதாமையால் அதன் வரிசை பெரும்பாலும் பயனற்றது. நடந்ததை நியாயமாக எண்ணுவதற்கு இது நன்று. யார் இப்போது வலியவர் என்று கேட்டால் இது திணறும்.

அந்தக் கேள்விக்கு எஸ்.பி. பிளஸ் சிறந்தது. பில் கொனலியின் இந்த அளவீடு வெற்றி தோல்வியை விட்டுவிட்டு, ஒவ்வொரு தனி ஆட்டநகர்வையும் பார்க்கிறது. பந்தை வைத்திருக்கும் அணிக்கு 10 யார் தூரம் முன்னேற நான்கு வாய்ப்புகள் உண்டு. முதல் வாய்ப்பில் தேவையான தூரத்தில் பாதியையும், இரண்டாவதில் 70 வீதத்தையும், மூன்றாவதிலும் நான்காவதிலும் முழுவதையும் கடந்தால் அந்த நகர்வு வெற்றி எனக் கொள்ளப்படும். எதிரணியின் தரமும் ஆட்டத்தின் வேகமும் சரிசெய்யப்படுகின்றன. முடிவு உறுதியான பின் ஆடப்படும் வெற்று நேரம் தள்ளப்படுகிறது. ஒரு போட்டியில் நூற்றுக்கு மேற்பட்ட நகர்வுகள் இருப்பதால், 64 வெளிப்போட்டிகள் என்ற வறிய சான்று ஆயிரக்கணக்கான நகர்வுகளாகப் பெருகிவிடுகிறது. கொன்பரன்ஸ் வலிமை என்ற கேள்விக்கு இதைவிட நல்ல மூலப்பொருளை வேறெந்தச் சேவையிலும் நான் காணவில்லை.

ஆயினும் இரண்டு எச்சரிக்கைகள். பருவத் தொடக்கத்தில் இது எஞ்சியிருக்கும் வீரர்கள், அண்மைய ஆட்சேர்ப்பு, கடந்த சில ஆண்டுகளின் தரம் ஆகியவற்றிலிருந்து புறப்படுகிறது. செப்டெம்பரில் ஒரு கொன்பரன்ஸ் மேலே நிற்பதற்கு, அது முன்பு மேலே நின்றதே காரணமாக இருக்கலாம். அடுத்தது சராசரி. கொன்பரன்ஸ்களை எஸ்.பி. பிளஸ் சராசரியால் வரிசைப்படுத்தினால் 2024இல் எஸ்.ஈ.சி. முதலிடம் பெறுகிறது. ஆனால் பிக் டென்னின் பர்டூ அந்த ஆண்டு 1 வெற்றி, 11 தோல்வியுடன் முடித்தது. சொந்த மைதானத்தில் நோட்டர் டேமிடம் 66–7 என்று தோற்றது. பர்டூவின் வீழ்ச்சி பிக் டென்னின் சராசரியை இழுத்து விழுத்தும். ஒஹாயோ ஸ்டேட்டையோ ஒரிகனையோ ஓர் அணுவும் தளர்த்தாது. சராசரியைவிட நடு அணியைப் பார்ப்பது மேல்: எஸ்.ஈ.சி.யில் எட்டாவதும் ஒன்பதாவதும், பிக் டென்னில் ஒன்பதாவதும் பத்தாவதும். ஜெஃப் சகரின் நெடுங்காலம் வெளியிட்டுவந்த கொன்பரன்ஸ் அட்டவணையில், நடு அணிகளுக்கு அதிக எடை தரும் ஒரு மையச் சராசரி தனி நிரலாக இருந்தது. மற்றவர்களும் அதைப் பின்பற்றியிருக்க வேண்டும்.

எஃப்.பி.ஐ. பற்றி அதிகம் சொல்ல இல்லை. சராசரி அணி ஒன்றுடன் பொது மைதானத்தில் ஆடினால் எத்தனை புள்ளிகள் முன்னிற்கும் என்ற வடிவில் எண்ணைத் தருவதால் புதியவர்களுக்கு விளங்க எளிது. ஆனால் அதன் உட்கணக்கு எஸ்.பி. பிளஸ் அளவுக்குக்கூட விளக்கப்படுவதில்லை, பக்கமும் கனமானது. அதனுடன் வரும் "பெறுபேற்று வலிமை" என்ற நிரல் மட்டும் பயனுள்ளது: முதல் 25 அணிகளுள் சராசரியான ஒன்று இதே அட்டவணையை ஆடியிருந்தால் இதே பெறுபேற்றைப் பெற எவ்வளவு வாய்ப்பு இருந்திருக்கும் என்பதை அது சொல்கிறது.

பருவத்தின் முடிவு இந்தச் சேவைகளைச் சோதிக்க நல்ல வாய்ப்புத் தந்தது. டிசம்பர் 21ஆம் திகதி இரவு, நமக்கு ஞாயிறு காலை 6.30இற்கு, கொலம்பஸின் குளிரில் ஒஹாயோ ஸ்டேட் டென்னசியை வென்றது. பின்னர் அரையிறுதியில் டெக்சஸை 28–14 என்றும், இறுதியில் நோட்டர் டேமை 34–23 என்றும் வென்று கிண்ணத்தைப் பெற்றது. அதற்கு முந்திய பருவத்தில் மிச்சிகன் சம்பியன். 2006 முதல் 2012 வரை தொடர்ந்து ஏழு கிண்ணங்களை எடுத்த எஸ்.ஈ.சி.யிடமிருந்து பிக் டென் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து அதைப் பறித்தது. 2021 முதல் வீரர்கள் தம் பெயராலும் உருவத்தாலும் பணம் ஈட்டவும், காத்திராமல் அணி மாறவும் முடிவதால், முன்பு அலபாமாவின் இரண்டாம் வரிசையில் காத்திருந்த வீரர் இன்று வேறு அணியில் முதல் வரிசையில் ஆடுகிறார். இடைவெளி குறுகியதற்கு இதுவே முதன்மையான காரணம் என்று நினைக்கிறேன். மிச்சிகன் அலபாமாவை 19–13 என்றும், இலினோய் தென் கரோலினாவை 21–17 என்றும் வென்ற போல் போட்டிகளை நான் அவ்வளவு எடையோடு சேர்க்கமாட்டேன். தொழில்முறை அணிகளின் வீரர் தெரிவுக்குத் தயாராகும் வீரர்கள் அவற்றில் ஆடாமல் விடுவது வழக்கம்.

எனவே 2024க்கு என் தீர்ப்பு இது: உச்சியில் பிக் டென், நடுப்பகுதியில் எஸ்.ஈ.சி. மருமகனுக்கும் உவர்மலை நண்பருக்கும் ஆளுக்குப் பாதி சரி. சேவைகளில், நடந்ததை எண்ண கொலி மேட்ரிக்ஸையும், நடுப்பகுதியை அளக்க எஸ்.பி. பிளஸையும் எடுத்துக்கொண்டு, இரண்டும் கடுமையாக முரண்படும் இடங்களில் கென்னத் மசியின் பல தரப்படுத்தல்களை அருகருகே வைக்கும் ஒப்பீட்டு அட்டவணையைப் பார்த்துக்கொண்டால் போதும். ஏ.பி. பட்டியலை விட்டுவிடலாம்.

2026 முதல் எஸ்.ஈ.சி.யும் ஒன்பது உட்போட்டிகளுக்கு மாறுகிறது. 64 வெளிப்போட்டிகள் 48 ஆகக் குறையும். கொன்பரன்ஸ்களை ஒன்றோடொன்று பிணைக்கும் சான்று இன்னும் மெலியும். இந்தச் சேவைகளை நடத்துவோர் ஒவ்வொரு வாரமும் தம் வரிசைக்குப் பக்கத்தில், இரண்டு பெரிய கொன்பரன்ஸ்களின் அணிகள் நேருக்கு நேர் மோதிய போட்டிகளை மட்டும், எந்த மைதானம், என்ன புள்ளி என்ற விபரத்தோடு, தனி அட்டவணையாகத் தரவேண்டும். எத்தனை போட்டிகளின் மேல் அந்த வரிசை நிற்கிறது என்பதை வாசகர் அப்போது தாமே எண்ணிப் பார்க்கலாம்.